லைற்றைப் போட்டிட்டு அடியும் பாப்பம்

திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இன்னொருமுறை திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, முனகி, நின்றுவிடும். 2023 கார்த்திகை மாதம், கிளிநொச்சிப் பக்கம் ஒரு வயல் வரம்பு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூடாரம் கிழிந்த ஜீப்புக்குள் எட்டு யூரியாப் பை. மாமா ஸ்ரியறிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “புதுப் பற்றரி போட்டு மூண்டு கிழமைதானேடா ஆகுது” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பற்றரியை மாற்றச் சொன்னதே நான்தான்.

பக்கத்து வயலுக்கு வந்த ரக்ரர்காரர் கயிறு கட்டி இழுத்து உதவினார். இரண்டு பை யூரியா நனைந்துவிட்டது. வீடு வரும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை.

இது அந்த ஜீப்பில் பிழை தேடின கதை. தேடுகிறோம் என்ற பெயரில் நாங்கள் செய்த பிழையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிற்சுபிஷி 4டிஆர்5. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை அனுமதி பெற்று ஜப்பானில் மிற்சுபிஷி 1953இல் கட்டத் தொடங்கியது. 1998 வரைக்கும் அந்த முகம் பெரிதாக மாறவேயில்லை. 4டிஆர்5 என்பது உண்மையில் எஞ்சினின் பெயர். நாலு சிலிண்டர், 2659 சிசி டீசல். எங்கட நாட்டில் எஞ்சினின் பெயரே ஜீப்புக்கும் பெயராகிவிட்டது. கணினி கிடையாது, சென்சர் கிடையாது. டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை லைற் எரிந்து “இதுதான் பழுது” என்று சொல்லாது. நீங்களாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

வேறு வாகனம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் பழசுகளின் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். வாய்க்கால் கரைச் சுரிக்குள் பாரத்தோடு இறங்கி ஏற மாமாவிடம் இருந்தது இந்த ஒன்றுதான். 2022இல் டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது ஜீப் கொட்டிலுக்குள் மாதக்கணக்காகச் சும்மா கிடந்தது. ஜூலையில் கியூஆர் முறை வந்த பிறகும் கிடைத்த டீசல் ரக்ரருக்கே போதவில்லை. இந்தக் ‘கிடந்த’ காலத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

முதல்தரம் ஜீப் மக்கர் பண்ணியது புரட்டாதியில், ஒரு விடியப்புறம். முதல்நாள் இரவு அதைக் கொண்டுவந்து விட்டது மாமாவின் ஜீப்பை ஏழு வருசமாக ஓடிய டிரைவர் அண்ணை. பற்றரியைக் கழற்றிச் சார்ஜ் பண்ணுகிற கடைக்குக் கொண்டுபோனோம். மீற்றரில் 12.2 வோல்ற் காட்டியது. நல்ல பற்றரி முழுச் சார்ஜில் 12.6 அளவில் நிற்கும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது.

“பாதி எங்க போனது?” என்று மாமா கேட்டார்.

“ராத்திரி லைற்றை நிப்பாட்ட மறந்திருப்பார்” என்று நான் சொன்னேன்.

நான் அதைப் பார்க்கவில்லை. ஊகம்தான். ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பெடியன் சொன்னால் வீட்டில் ஒரு மதிப்பு இருக்கிறதல்லவா, மாமா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். டிரைவர் அண்ணை வந்ததும் ஏச்சு விழுந்தது.

“நான் நிப்பாட்டினனான் ஐயா” என்றார் அவர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, நான் ஒண்டு கவனிச்சனான். ஸ்ராட் வராமல் நாலைஞ்சு தரம் அடிச்சாப் பிறகு இந்த நிப்பாட்டுற குமிழ் சுடுது.”

எங்கட ஜீப்பில் எஞ்சினை நிறுத்த டாஷ்போர்ட்டில் ஒரு குமிழை இழுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு உருக்குக் கேபிள் டீசல் பம்புக்குப் போகும். நான் சிரித்தேன். “ஸ்ராட்டே வராத வாகனத்தில நிப்பாட்டுற குமிழ் சுட்டால் என்ன, சுடாட்டி என்ன அண்ணை!” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

சார்ஜ் பண்ணிய பற்றரியோடு சில நாள் ஓடியது. திரும்பவும் ‘டிக்’. ஐப்பசியில் புதுப் பற்றரி. இந்தமுறை மாமாவின் சந்தேகம் இன்னும் வளர்ந்திருந்தது: இரவில் ஜீப்பைத் தன் சொந்த ஹயருக்குக் கொண்டு போகிறாரோ? அதை நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் திறப்பை இரவில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். டிரைவர் அண்ணைக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமை அவர் வரவில்லை.

அவர் போன பிறகும் ஜீப் அதே சேட்டைதான் விட்டது. ஸ்ராட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் றீகண்டிஷன் பண்ணினோம். ஒரு கிழமை நன்றாக இருந்தது. பிறகு ஹீற்றர் பிளக் நாலும் மாற்றினோம். லைற்றை மறந்துவிட இப்போது ஆளே இல்லை, ஆனாலும் பழுது வருகிறது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வயலில் யூரியா நனைந்த அன்றுதான் மாமா, “இனி ஒரு சாமானும் மாத்திறேல்ல. பரந்தன் ஐயாட்டக் கொண்டு போவம்” என்றார்.

ஐயாவுக்கு எழுபது கடந்திருக்கும். கராஜ் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டிலும். ஸ்பனர் எடுக்க முதல் கதிரையில் இருந்துகொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். காலமையில் வருதோ, ஓடிச் சூடான பிறகும் வருதோ? எந்தச் சாமான் மாத்தின பிறகு எத்தினை நாள் நல்லா ஓடினது? எஞ்சின் சுத்தவே மாட்டனெண்டுதோ, சுத்தியும் பத்த மாட்டனெண்டுதோ?

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அமுக்கி வருகிற சூட்டில்தான் டீசல் பற்றும். வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் டீசல் வருகிறதா, குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டதா, ஹீற்றர் பிளக் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுவதே மெதுவென்றால் அதெல்லாம் தேவையில்லை. பற்றரி, வயர், ஸ்ராட்டர், அல்லது எஞ்சினே இறுகிப்போனது. ஒரு கேள்வியிலேயே பாதி வாகனம் கழிந்துவிடுகிறது. நாங்கள் ஹீற்றர் பிளக்குக்குக் கொடுத்த காசு சுத்த நட்டம்.

“சரி தம்பி, லைற்றைப் போட்டிட்டு அடியும் பாப்பம்.”

நான் பெரிய லைற்றைப் போட்டுத் திறப்பைத் திருப்பினேன். ‘டிக்’. ஐயா முன்னால் நின்று லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைற் மங்கேல்ல. பற்றரியில சத்து இல்லையெண்டால் நீர் அடிக்கேக்க லைற் செத்துப்போகும். இது பளிச்செண்டு நிக்குது. பற்றரியில இருக்கு, ஸ்ராட்டருக்குப் போகேல்ல. அல்லது போனது திரும்பி வரேல்ல.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. புரட்டாதியில் அந்த முதல்நாளே யாராவது லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்பியிருந்தால், இரவு முழுக்க லைற் எரிந்து பற்றரி செத்தது என்ற என் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஒரு சதம் செலவில்லாத சோதனை.

“அடிக்கேக்க எங்கயாவது சூடு, மணம், ஏதும் கண்டனீங்களோ?”

நான் குமிழைச் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. ஐயா இன்னும் இரண்டு மூன்று தரம் அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே எட்டி அந்தக் குமிழைத் தொட்டார். பிறகு என்னைத் தொடச் சொன்னார். சுட்டது.

அவர் ஒரு ஜம்பர் வயரை எடுத்து, ஒரு நுனியைப் பற்றரியின் மைனஸ் முனையிலும் மறு நுனியை எஞ்சின் இரும்பிலும் கவ்வக் கொடுத்தார். “இப்ப அடியும்.” எஞ்சின் சடசடவென்று சுற்றிப் பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை ஒரு கொத்துப் போய்ப் பிறகு தெளிந்தது. மாமா தகரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஐயா சொன்னது ஒரே சொல்: “எர்த்.”

பற்றரியின் மைனஸிலிருந்து ஒரு வயர் சேசிஸுக்குப் போகிறது. லைற், ஹோர்ன் எல்லாம் சேசிஸ் வழியாகவே திரும்பி வந்துவிடும். ஆனால் எஞ்சின் றப்பர் மவுண்டுகளின் மேல் இருக்கிறது. றப்பர் மின்னைக் கடத்தாது. அதனால் எஞ்சினையும் சேசிஸையும் தொடுக்க ஒரு பின்னல் செப்புப் பட்டி போட்டிருப்பார்கள். அதுதான் எர்த் பட்டி. அதன் இரண்டு நுனியும் ஜீப் கொட்டிலுக்குள் கிடந்த மாதங்களில் பச்சை பூத்துத் துருவேறியிருந்தது. மேலே கிறீஸும் சேறும் மூடியிருந்ததால் யாருடைய கண்ணிலும் படவில்லை. திரும்பிப் போக நேர்வழி இல்லாத மின் வேறு வழி தேடியது: எஞ்சினிலிருந்து நிறுத்துகிற கேபிள், கேபிளிலிருந்து டாஷ்போர்ட், அங்கிருந்து சேசிஸ். மெல்லிய கேபிளால் அவ்வளவு மின்னைத் தாங்க முடியாமல் அது சூடானது. டிரைவர் அண்ணை சொன்ன அந்தச் சூடு.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியை நான் ஏற்கெனவே சோதித்திருந்தேன். மல்ரிமீற்றரில் ‘பீப்’ அடிக்கிற இடத்தில் வைத்து இரண்டு நுனியையும் தொட்டேன். பீப் அடித்தது. நல்லது என்று விட்டுவிட்டேன். பிழை மீற்றரில் இல்லை, கேட்ட கேள்வியில்தான். ‘தொடர்பு இருக்கிறதா?’ என்று கேட்டேன், இருக்கிறது என்றது. ‘200 அம்பியரைத் தாங்குமா?’ என்று கேட்கவில்லை.

இப்போது ஓமின் விதியைப் போட்டுப் பாருங்கள். டீசல் எஞ்சினைச் சுற்ற ஸ்ராட்டர் 200 அம்பியருக்கு மேலும் இழுக்கலாம். பட்டியில் வெறும் 0.015 ஓம் தடை இருந்தாலே 200 × 0.015 = 3 வோல்ற் அங்கேயே போய்விடும். சுற்றும்போது பற்றரி எப்படியும் 10.5 அளவுக்கு இறங்கும். அதில் 3 போனால் ஸ்ராட்டருக்கு 7.5தான். முனகத்தான் செய்யும். ஆனால் 0.015 ஓமைச் சாதாரண மீற்றர் பூச்சியம் என்றே காட்டும். அதனால் தடையை அளக்கக் கூடாது, பாரம் இழுக்கும்போது எவ்வளவு வோல்ற் தொலைகிறது என்று அளக்க வேண்டும்.

செய்கிற விதம் இதுதான். கியர் நியூற்றலில், ஹாண்ட்பிறேக் போட்டிருக்க வேண்டும். எஞ்சின் பற்றாமல் இருக்க நிறுத்துகிற குமிழை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். மீற்றரை டீசி வோல்ற்றில் வையுங்கள், அம்பியரில் வைத்தால் மீற்றர் போய்விடும். ஒரு முனை பற்றரியின் மைனஸ் தலையில், மற்றது எஞ்சினின் சுத்தமான இரும்பில். ஒருவர் திறப்பைத் திருப்ப மற்றவர் வாசிக்க வேண்டும். அரை வோல்ற்றுக்குக் கீழே என்றால் பரவாயில்லை. எங்களுக்கு 3.1 வந்தது. பிறகு பாதி பாதியாகப் பிரித்தோம். பற்றரித் தலையிலிருந்து சேசிஸ்: 0.2. சேசிஸிலிருந்து எஞ்சின்: 2.9. கள்ளன் அகப்பட்டான். பிளஸ் பக்கத்தையும் இப்படியே பற்றரியிலிருந்து ஸ்ராட்டர் வரை அளக்கலாம்.

முன்னே செய்த திருத்தங்கள் கொஞ்ச நாளைக்கு ஏன் வேலை செய்தன என்பதும் அன்றைக்கு விளங்கியது. பட்டியின் ஒரு நுனி ஸ்ராட்டரைப் பூட்டுகிற போல்ற்றிலேயே பிடித்திருந்தது. ஸ்ராட்டரைக் கழற்றிப் பூட்டியபோது அந்த இடம் கொஞ்சம் உராய்ந்து சுத்தமாகியது. அதைத்தான் ‘ஸ்ராட்டர் செய்தது சரி’ என்று நினைத்தோம். முதலில் கடையில் பார்த்த 12.2க்கும் காரணம் இதேதான். அல்ரநேற்றரின் மின்னும் அந்தப் பட்டி வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். அதனால் பற்றரிக்குக் கொஞ்சம் குறைவாகவே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பட்டியின் பழுது பற்றரியின் பழுதாக வேசம் போட்டது, அதை ஒரு மனுசனின் பழுதாக நான் மாற்றிவிட்டேன்.

பட்டியைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, புதுப் பட்டி போட்டு, மேலே கிறீஸ் பூசி முடித்தார் ஐயா. அரை மணித்தியால வேலை. எடுத்த காசு நாங்கள் போகும் வழியில் தேத்தண்ணிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட.

இதெல்லாம் எங்கே பழகினீங்கள் என்று கேட்டேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் என்றார். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, ரோச் பற்றரிகூட வராது. போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர்களையும் ஏ40களையும் ஓட்டிய காலம். “மாத்திப் பாக்கச் சாமான் இல்லை தம்பி. அதால கண்டுபிடிக்க வேண்டி வந்தது” என்றார். அந்தக் காலத்தை அவர் புகழவில்லை, நானும் புகழமாட்டேன். ஆனால் இன்றைக்கு எங்களிடம் சாமான் இருக்கிறது, மாற்றிப் பார்க்கிறதே கண்டுபிடிக்கிறது என்று நினைக்கிறோம்.

அதன்பிறகு ஜீப்பில் எது வந்தாலும் முதலில் செலவில்லாத சோதனைதான். போன மாரியில் சுரிக்குள் இறங்கி நாலு சில்லு கியரைப் போட்டால் முன்சில்லு இரண்டும் அசையவில்லை. பக்கத்தில் நின்றவர்கள், “ட்ரான்ஸ்பர் பெட்டி முடிஞ்சுது” என்றார்கள். இறங்கிப் போய் முன்சில்லின் நடுவிலுள்ள ஃப்ரீவீல் ஹப்பைப் பார்த்தேன். இரண்டும் திறந்தபடி. கையால் பூட்டுகிற வகை. பூட்டாமல் உள்ளே கியரைப் போட்டால் முன் அச்சு சுற்றும், சில்லுக்கு வராது. பூட்டினேன், ஏறியது. இன்னொருநாள் காய்ந்த தார் ரோட்டில் நாலு சில்லில் ஓடிவிட்டு வந்தபோது நெம்பு இறுகிக்கொண்டது. அதற்கும் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சில்லும் பின்சில்லும் வேறு வேறு தூரம் ஓடும், தார் ரோட்டில் வழுக்கி ஈடுசெய்ய முடியாததால் உள்ளே முறுக்கு ஏறிவிடும். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தேன், நெம்பு தானாகக் கழன்றது.

புகையையும் பார்க்கப் பழகினேன். கறுப்பு விடாமல் வந்தால் முதலில் எயார் ஃபில்ரர். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. குளிரில் கொஞ்சம் வெள்ளை வந்து நின்றால் பயமில்லை, சூடான பிறகும் நிற்காவிட்டால் றேடியேற்றர் தண்ணியைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சாமானுக்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றினால் எது திருத்தியது என்று தெரியாமல் போகும்.

எல்லாவற்றுக்கும் முதல், வாகனத்தை ஓடுகிற ஆள் சொல்வதைக் கேளுங்கள். எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் எழுதி வையுங்கள்.

பரந்தனிலிருந்து திரும்பும்போது நான் மாமாவிடம் சொன்னேன்: “குமிழ் சுடுதெண்டு அண்ணைதான் முதல்ல சொன்னவர். லைற் கதை நான் சும்மா சொன்னது.” மாமா கனநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓடினார். பிறகு வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் திரும்பாமல் நேரே போனார்.

டிரைவர் அண்ணை முற்றத்தில் மிதிவெடிக்குப் பயந்து ஓடாத வயசில் பிறந்த தன் மகளோடு சைக்கிள் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார், வாங்கோ என்றார், சிரிக்கவில்லை. மாமா பழைய பட்டியைக் கையில் வைத்திருந்தார். அதை நீட்டி, “இதுதானடாப்பா. நீ சொன்ன சூடு” என்றார். நான், “அண்ணை, லைற்றை மறந்திருப்பீங்கள் எண்டு மாமாவுக்குச் சொன்னது நான். பாக்காமல் சொன்னது” என்றேன்.

அவர் பட்டியை வாங்கி, பச்சை பூத்த நுனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “நான் வீட்டில யோசிச்சனான் தம்பி, உண்மையா மறந்திட்டனோ எண்டு” என்றார். “ஏழு வருசத்தில ஒருநாளும் மறக்கேல்ல. ஆனா நீங்கள் அவ்வளவு வடிவாச் சொல்லேக்க எனக்கே சந்தேகம் வந்திட்டுது.”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவர் அதற்குள் வேறொருவரின் ரக்ரரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாமா கேட்டும் திரும்பி வரவில்லை, இடைக்கிடை ஹயருக்கு மட்டும் வருகிறார். வரும்போது திறப்பை வாங்கியதும் முதல் லைற்றைப் போடுகிறார், பிறகுதான் ஸ்ராட் அடிக்கிறார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொள்கிறேன்.